உதடு மட்டும் தெரியும் காட்சி

"சரி, விடு."

இருபத்து மூன்றாவது தடவையாக அவள் அதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டப்பிங் டைரக்டரின் கட்டைவிரலைப் பார்த்தாள். அது எழும்பவில்லை. அவர் தன் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடிக்கணினிக்குள் எங்கோ வெளிநாட்டில் இருந்த மேற்பார்வைக்காரப் பெண்மணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தாள். தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"இன்னும் வரலையாம்" என்றார் டைரக்டர்.

"என்ன வரல சார்?"

"அது அவங்களுக்கும் சொல்லத் தெரியல. ஆனா வரலையாம்."

"நம்ம மொழியில ஒரு வார்த்தை தெரியாது. நான் சொன்னது வரலன்னு மட்டும் எப்படித் தெரியுது?"

"என் மாமியாரும் அப்படித்தான். சமையல்ல என்ன குறைன்னு சொல்ல மாட்டாங்க, குறைன்னு மட்டும் சொல்லுவாங்க. இன்னொண்ணு போவோம் டாக்டரம்மா."

டாக்டரம்மா என்பது அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். நிஜத்தில் அவளுக்குத் தலைவலி மாத்திரையைத் தவிர வேறு மருந்து தெரியாது. ஆறு காவலர்கள் உலகத்தைக் காப்பாற்றும் அந்த வெளிநாட்டுப் படவரிசையில், ஆறாம் காவலனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு, அவனுக்கு அடிபடும்போதெல்லாம் தையல் போடுகிற டாக்டருக்கு அவள்தான் குரல். பன்னிரண்டு வருஷம், பதினான்கு படம். ஒரு படத்தில் செத்தவன் அடுத்த படத்தில் வருவான், இவன் படத்தில் அவன் வந்து தலைகாட்டுவான், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இப்போது அந்தப் பின்னலை எல்லாம் அவிழ்த்து முடித்துவைக்கிற கடைசிப் படம், அதிலும் இரண்டாம் பாகம். இதோடு காவலர்கள் கதை முற்றும். அந்த முற்றும் போடுகிற காட்சியில் டாக்டர் பேசும் கடைசி வசனம்தான் இந்த 'சரி, விடு'.

யாரிடம் சொல்கிறாள், எதற்குச் சொல்கிறாள் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

கதை வெளியே கசிந்துவிடக் கூடாதென்று படத்தின் மேல் கறுப்பைப் பூசி அனுப்பியிருந்தார்கள். திரை முழுக்க இருட்டு. நடுவில் ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்துக்குள் ஓர் உதடு. பேசும்போது மட்டும் வட்டம் திறக்கும், பேசி முடித்ததும் மூடிக்கொள்ளும். கண் தெரியாது, கை தெரியாது, எதிரே நிற்பவனும் தெரியாது. போதாக்குறைக்கு, அவள் கையில் கொடுத்த தாளில் அவளுடைய வசனங்கள் மட்டும்தான். காவலன் பேசுவது அவன் குரலுக்குரியவரின் தாளில் இருக்கும். ஒவ்வொருவரும் தனித்தனி நாளில், தனித்தனியாக வந்து பேசிவிட்டுப் போக வேண்டும். கதையைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

காவலனின் குரலுக்குரியவர் அவளுடைய கணவர்.

ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரே பற்பசை. ஆனாலும் அவன் என்ன கேட்டதற்கு இவள் 'சரி, விடு' என்கிறாள் என்பது இவளுக்குத் தெரியாது.

"அக்கா, தண்ணி குடிச்சுக்கோங்க" என்றாள் ஒலிப்பொறியாளர் பெண். "இருபத்து நாலு."

இருட்டு. மூன்று பீப் ஒலி. அதன்பின் வெறும் கறுப்பாகவே நான்கு விநாடி. அந்த இடத்தில் காவலன் ஏதோ பேசுகிறான் என்று அவள் வைத்துக்கொண்டாள். காலையில் முதல் ஐந்து டேக்கில், 'நான் திரும்பி வர மாட்டேன்' என்று அவன் சொன்னதாக நினைத்து அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். அடுத்த ஆறு டேக்கில் 'உன்னை மறக்க மாட்டேன்' என்று சொன்னதாக வைத்துக்கொண்டாள். பிறகு 'நம்ம பிள்ளையைப் பார்த்துக்க' என்றான். பிறகு 'வலிக்குது' என்றான். கற்பனை வறண்டுபோய், 'அடுப்பை அணைச்சுட்டியா' என்றுகூட ஒரு டேக்கில் கேட்டுவிட்டான்.

வட்டம் திறந்தது. உதடு பிரிந்து, மேல் பல் கீழுதட்டில் பட்டு, குவிந்தது.

"சரி, விடு."

தலை மறுபடியும் இடமும் வலமும் ஆடியது.

"சாப்பிட்டுட்டு வருவோம்" என்றார் டைரக்டர். எழுந்து உள்ளே வந்து, வசனத்தாள் வைக்கும் ஸ்டாண்டைத் தேவையில்லாமல் சரிசெய்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது எதையாவது சரிசெய்துகொண்டே சொல்வார். "டாக்டரம்மா, காலையில சொன்னதுதான். அஞ்சு மணி வரைக்கும்தான் நமக்கு டைம். இந்த ஒரு காட்சி அவங்க ஓகே சொல்லலன்னா மொத்தப் படத்துக்கும் குரலை மாத்திடுவாங்க."

"அந்த நடிகையா?"

"ஊர்ல எந்தச் சோப்பு வாங்கினாலும் அவங்க முகம்தானே இருக்கு. விளம்பரத்துக்கு நல்லதுன்னு வினியோகஸ்தர் ஒத்தைக் கால்ல நிக்கிறார். உங்களை மாத்தக் காரணம் தேடிட்டு இருந்தாங்க. இப்ப இது கிடைச்சிருக்கு."

"பதிமூணு படம் நான் பேசியிருக்கேன் சார்."

"எனக்குத் தெரியாதா?"

"இவளுக்குக் கல்யாணம் ஆனது என் வாயில. ரெண்டு தடவை விதவையானது என் வாயில. கடைசியில மட்டும் சோப்புக்காரி வந்து பேசிட்டுப் போவாளா?"

அவர் ஸ்டாண்டை இன்னும் அரை அங்குலம் உயர்த்திவிட்டுப் போனார்.

கோபம் அவர் மேல் இல்லை. மடிக்கணினிக்குள் இருந்த பெண்மணி மேல்கூட அவ்வளவாக இல்லை. கோபமெல்லாம் வீட்டில் இருந்த காவலன் மேல்.

எட்டு நாளைக்கு முன்னால் அவன் தன் பங்கைப் பேசிவிட்டு வந்தான். வந்த அன்றைக்கே அவள் கேட்டாள்: "கடைசிக் காட்சியில என்ன பேசறீங்க?" அவன் சட்டையைக் கழற்றி மாட்டியபடி, "சொல்லக் கூடாது" என்றான். விளையாட்டு என்று நினைத்தாள். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் அவள் துணி மடித்தபடி, "எனக்கு அந்தக் காட்சிக்குப் பதில் பேசணுமேங்க, ஒரு வரி தெரிஞ்சா போதும்" என்று கெஞ்சியே விட்டாள். "கையெழுத்துப் போட்டிருக்கேன்மா" என்றான், ஏதோ அணுகுண்டு ரகசியத்தைக் காக்கிறவன் மாதிரி.

அத்தையும் விட்டுவைக்கவில்லை. இதுவரை வந்த பதின்மூன்று படத்தையும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர் அவனுடைய அம்மா. "என் பிள்ளை கடைசியில சாகறானா இல்லையாடா? பெத்தவகிட்ட அதைக்கூடச் சொல்லக் கூடாதா?" என்று சாப்பாட்டு மேஜையில் கேட்டார். அவன் தலை குனிந்து சாப்பிட்டான். "ஏம்மா, நீயாவது சொல்லேன்" என்று அத்தை இவள் பக்கம் திரும்பினார். "எனக்கு உதடுதான் தெரியும் அத்தை" என்றாள் இவள். அதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. முதல் மூன்று படங்களுக்கு எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பேசினார்கள். இவள் வசனம் முடியும்போது அவன் மூச்சு இவள் காதோரம் ஆரம்பிக்கும். மூன்றாவது படம் முடிந்த மாதம் கல்யாணம் ஆனது. பிறகு ஆளுக்கொரு நாள் என்று முறை மாறிவிட்டது. அதற்கப்புறம் திரையில் எத்தனையோ முறை கட்டிப்பிடித்துப் பேசியிருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை அவன், வெள்ளிக்கிழமை இவள் என்று.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள். கீழ்ப்படியில் காவலன் உட்கார்ந்திருந்தான். மூன்று மணிக்கு அடுத்த அறையில் அவனுக்குச் சில திருத்தங்கள் இருந்தன. கழுத்தில் மப்ளர், கையில் வெந்நீர்க் குடுவை. ஒரு மாதமாக உப்பு வெந்நீரால் கொப்பளித்துத் தொண்டையைப் பொன்போலக் காத்து வந்தவன்.

"என்ன, முடிஞ்சுதா?" என்றான்.

"இருபத்து நாலு டேக்."

"இருபத்து நாலா? எந்த வரிக்கு?"

"அதை நான் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவன் அசடு வழிந்தான். அவள் சிரிக்கவில்லை. இரண்டு படி மேலே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள், மூடினாள்.

"அஞ்சு மணிக்குள்ள வரலன்னா என்னைத் தூக்கிட்டு அந்த நடிகையைப் போடறாங்க. மொத்தப் படத்துக்கும். காலையில சொன்னாங்க. வீட்டில இருந்து கிளம்பும்போது இது தெரியாது, தெரிஞ்சிருந்தா உங்க கழுத்தைப் பிடிச்சே கேட்டிருப்பேன்."

அவன் முகம் மாறியது. "மொத்தப் படத்துக்குமா?"

"ஆமா. இப்பவாவது சொல்லுங்க. நான் 'சரி, விடு'ன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க என்ன பேசறீங்க? ஒரே ஒரு வரி. யாரும் இல்ல இங்க. சுவத்துக்குக்கூடக் காது கிடையாது, எல்லாம் பஞ்சு வெச்சு அடைச்சிருக்காங்க."

அவன் குடுவையின் மூடியைத் திருகினான். திருகித் திருகி, திருக இடமில்லாமல் போன பிறகும் திருகினான்.

"என்னங்க?"

"ஒண்ணும் பேசல" என்றான்.

"மறுபடியும் ஆரம்பிக்காதீங்க."

"நிஜமாத்தான் சொல்றேன். ஒண்ணும் பேசல. அந்தக் காட்சியில எனக்கு வசனமே இல்ல."

அவள் அவனையே பார்த்தாள்.

"தாளை வாங்கிப் பார்த்தேன். '(மூச்சு)'ன்னு போட்டிருக்கு. கீழே இன்னொரு '(மூச்சு)'. இப்படியே பதினொண்ணு. பதினாலு படம் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன், மலையைத் தூக்கியிருக்கேன், கிரகத்தையே நிறுத்தியிருக்கேன். கடைசியில பதினோரு மூச்சு. எந்தத் தெரு நாயும் விடும் அதை."

"அப்ப அந்த ஒரு பக்க வசனம்?"

கேட்டபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. படம் ஆரம்பிக்கும் முன்பே அவன் தன் அம்மாவிடம் சொல்லியிருந்தான், குரல் கலைஞர் சங்கத்தில் சொல்லியிருந்தான், முடிவெட்டுகிறவரிடம்கூடச் சொல்லியிருந்தான்: கடைசிக் காட்சியில் ஒரு பக்க வசனம் இருக்கும், பேசிக் காட்டுகிறேன் பாருங்கள் என்று. யாரும் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை. அவனே அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டான்.

"அப்ப எட்டு நாளா நீங்க காப்பாத்தினது கம்பெனி ரகசியம் இல்ல. உங்க மானம்."

அவன் குடுவையைத் தன் பக்கத்தில் வைத்தான்.

"நான் ராத்திரி பூராப் படுத்துக்கிட்டு, இந்த மனுஷன் என்ன சொல்லியிருப்பான், என்ன சொல்லியிருப்பான்னு நூறு வசனம் எழுதிப் பார்த்தேன்! இல்லாத வரிக்கு இருபத்து நாலு தடவை பதில் சொல்லியிருக்கேன்! ஊர்ல சொல்ல வெட்கமா இருந்தா சரி, என்கிட்ட என்னங்க வெட்கம்?"

"உன்கிட்டதான் வெட்கம்" என்றான் அவன், குடுவையைப் பார்த்துக்கொண்டே.

அவளுக்கு அழுகையும் வந்தது, டப்பாவால் அவன் தலையில் ஒன்று போடவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. மணி இரண்டு ஆகப்போகிறது.

"கடைசி மூச்சு எத்தனையாவது விநாடியில இருக்கு? தாள் ஓரத்துல போட்டிருப்பாங்களே."

அதை அவன் மறந்திருக்கவில்லை. அவமானம் மனப்பாடமாகிவிடும். "படத்துல ரெண்டு மணி ஒம்போது நிமிஷம் பதினெட்டாவது விநாடி. அதுக்கு முந்தினது பத்தாவது விநாடி."

"என் வரி பதினாலாவது விநாடி" என்றாள் அவள். விரலை மடக்கினாள். "பத்துல நீங்க மூச்சு. பதினாலுல நான். பதினெட்டுல மறுபடி நீங்க. பத்தாவது விநாடியில விடறீங்களா, இழுக்கறீங்களா?"

"இழுக்கறேன். இழுத்துட்டு நிறுத்தணும்னு எழுதியிருந்தது. விடறது அந்தப் பதினெட்டுலதான்."

"காட்டுங்க."

"இங்கேயா?"

"இங்கேதான். காவலரே, காட்டுங்க."

அவன் மப்ளரைத் தளர்த்தினான். நெஞ்சு ஏற மூச்சை இழுத்தான். வாய் லேசாகத் திறந்தது, ஏதோ ஒரு சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்ற மாதிரி. அப்படியே நிறுத்தினான்.

இந்த மூச்சை அவளுக்குத் தெரியும். சண்டை போட்ட மறுநாள் காலையில் சமையலறை வாசலில் வந்து நின்று இப்படித்தான் இழுப்பான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று அவள் கரண்டியைக் கீழே வைப்பாள். அவனோ, "தண்ணி பாட்டில் ரொப்பட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான். ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் தண்ணீர் பாட்டில்கள் காலியாக இருந்ததே கிடையாது.

"இது சாகற மூச்சா?" என்றாள்.

"யாருக்குத் தெரியும்? எனக்கும் கறுப்புத் திரைதான். நான் செத்தேனா பிழைச்சேனான்னு எனக்கே தெரியல."

இரண்டு மணிக்கு அவள் உள்ளே போனபோது டைரக்டர், "அழுகையைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாமா?" என்றார். அவள் தலையாட்டிவிட்டு ஹெட்போனை மாட்டினாள். அழுகையைக் கூட்டுவதாக இல்லை. பதினான்கு படமாக இந்த டாக்டர் காத்திருக்கிறாள். அவன் சொல்லாமல் போவான், உடம்பெல்லாம் ஓட்டையோடு வருவான், எங்கே போனாய் என்றால் உலகத்தைக் காப்பாற்றப் போனேன் என்பான். அவனை எதிரில் நிறுத்தினால் எந்தப் பெண்டாட்டி நேராக அழ ஆரம்பிப்பாள்? முதலில் எரிச்சல்தான் வரும்.

"இருபத்து அஞ்சு" என்றாள் ஒலிப்பொறியாளர் பெண்.

மூன்று பீப். கறுப்பு. அந்த நான்கு விநாடியில் அவள் இப்போது எந்த வசனத்தையும் வைக்கவில்லை. ஒருவன் மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, சொல்ல முடியாமல் நிற்கிறான். சொல்லுடா, சொல்லித் தொலையேன் என்று அவளுக்குள் ஏறிக்கொண்டே வந்தது. எட்டு நாள் கோபமும், காலையிலிருந்து ஆடிய அந்தத் தலையும், சோப்பு உறையில் சிரித்த முகமும், படிக்கட்டில் மூடியைத் திருகிய விரல்களும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டன. வட்டம் திறந்தது.

"சரி, விடு."

கத்தவில்லை. அழவில்லை. அலுத்துப்போன குரல், கடைசி எழுத்தில் மட்டும் தன்னை அறியாமல் கொஞ்சம் இளகியது. உதடு மூடியபோது குரலும் மூடியது.

ஒலிப்பொறியாளர் பெண் கன்சோலிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். மடிக்கணினிக்குள் இருந்த பெண்மணி மறுபடி போடச் சொன்னாள். மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, டைரக்டரிடம் ஏதோ நீளமாகப் பேசினாள்.

கட்டைவிரல் எழும்பியது.

"ஓகேவாம்!" என்றார் டைரக்டர். "இதுதானாம். இத்தனை நாளா எந்த மொழியிலயும் இது சரியா வரலையாம். குரல் நீங்கதான், மாத்தப் போறதில்லைன்னு இப்பவே எழுதி அனுப்பறாங்க."

அவள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா..." என்று அவர் உள்ளே வந்து ஹெட்போன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். "ஆனா, இந்த வரி இப்படி வந்ததால முன்னாடி நேத்து ஓகே பண்ணின எட்டு வரியும் இதோட ஒட்டலையாம். அழுகையா இருக்காம். எல்லாத்தையும் மறுபடி எடுக்கணும்."

"எட்டுமா?"

"எட்டும்."

"நேத்து அந்த எட்டுக்கும் எழுபது டேக் போச்சு சார்!"

"அதனாலதான் ஒயரைச் சுருட்டறேன்."

ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்த அறை வாசலில் இருந்த பெஞ்சில் அவன் தன் முறைக்காகக் காத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"என்னாச்சு?"

"குரல் என்னோடதுதான். எட்டு வரி மறுபடி பேசணும்."

"அப்பாடா!" என்றான். நிஜமான சந்தோஷம் அது, மறைக்க அவனுக்குத் தெரியாது. சந்தோஷத்தோடு சந்தோஷமாக எல்லாக் கணக்கும் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, "உன் பாட்டில் குடு, வெந்நீர் ரொப்பிட்டு வரேன்" என்று கையை நீட்டினான்.

"பாட்டில் இருக்கட்டும். உட்காருங்க."

உட்கார்ந்தான்.

"உள்ள ஓகே ஆனது அந்த டாக்டரம்மா சொன்ன 'சரி, விடு'. அவ பெரிய மனசுக்காரி. நான் இன்னும் சொல்லல."

அவன் மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான். நிறுத்தினான். அவள் அவனுக்கு வரி எடுத்துக் கொடுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நான்கு விநாடி ஆனது. பத்து விநாடி ஆனது. அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது.

"முதல்ல உன்கிட்டதான் வந்து சொல்லியிருக்கணும்" என்றான். "தப்புதான். உன் வேலை போற அளவுக்குக் கொண்டுவந்து விட்டுட்டேன்."

குரல் கம்மியிருந்தது. உப்பு வெந்நீர் கொப்பளித்த தொண்டைபோல இல்லவே இல்லை.

"அக்கா, ரெடி!" என்று கதவைத் திறந்து கூப்பிட்டாள் ஒலிப்பொறியாளர் பெண்.

அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். அவன் முகத்தையே பார்த்து, மடிக்கணினிக்காரப் பெண்மணி மாதிரி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

"ம். பக்கத்துல வந்திருக்கு. ஆனா இன்னும் வரல" என்றாள். "எட்டு வரி முடிச்சுட்டு வரேன். இன்னொரு டேக் போவோம்."